மன்னிப்பின் வாசலில் காத்திருந்தவர்: புனித ஜான் மரிய வியான்னி



ஞாயிறு திருப்பலியில் நற்கருணை வாங்கும் வரிசையைப் பார்க்கிறோம். ஆலயம் முழுவதும் எழுந்து வருவதுபோல் இருக்கிறது. சிறுவர், பெரியவர், இளைஞர், முதியவர் என்று எல்லாரும் வருகிறோம். அதே ஆலயத்தின் ஓரத்தில் பாவசங்கீர்த்தனத் தொட்டி இருக்கிறது. அங்கே வரிசை இல்லை. புனித வாரத்திலும் கிறிஸ்மசுக்கு முந்தைய நாட்களிலும் சிலர் வருகிறார்கள். மற்ற நாட்களில் அதன் மேல் தூசி படிந்திருக்கிறது. கடைசியாக நாம் எப்போது பாவசங்கீர்த்தனம் செய்தோம் என்று நம்மை நாமே கேட்டுப் பார்த்தால், நம்மில் பலருக்கு உடனே பதில் வராது.

நாம் பாவமே செய்யாதவர்களாகிவிட்டோமா? அப்படி யாரும் சொல்ல மாட்டோம். பிறகு ஏன் தயங்குகிறோம்? வெட்கம் ஒரு காரணம். சாமி நம்மைப் பற்றி என்ன நினைப்பாரோ என்ற பயம் இன்னொன்று. சொன்னதையே எத்தனை முறை சொல்வது என்ற சலிப்பும் உண்டு. இவ்வளவு பெரிய பாவத்தை இறைவன் மன்னிப்பாரா என்று உள்ளுக்குள் நடுங்குகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு 4-ஆம் நாள் நம் பங்குகளில் பங்குத்தந்தையருக்கு வாழ்த்துச் சொல்லி மாலை அணிவிக்கிறோம். அன்று நாம் நினைவுகூரும் புனித ஜான் மரிய வியான்னி, பாவ மன்னிப்பு என்ற ஒரே கொடைக்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்டவர். பங்குக் குருக்களின் பாதுகாவலர் என்ற அளவில் அவரை நாம் அறிவோம். ஆனால் மன்னிப்பு வழங்கிய அவரே மன்னிப்புக்காக எவ்வளவு ஏங்கினார் என்பதை நாம் அதிகம் நினைத்துப் பார்ப்பதில்லை. நம் தயக்கங்களோடு அவருடைய வாழ்வை இன்று சற்றுப் பார்ப்போம்.

கடிகாரத்தின் அருகே முதல் பாவசங்கீர்த்தனம்

பிரான்சு நாட்டின் லியோன் நகருக்கு அருகில் டார்டில்லி என்ற சிற்றூரில், 1786-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள் ஜான் மரிய வியான்னி பிறந்தார். தந்தை மத்தேயு, தாய் மரியா. இருவரும் விவசாயக் குடும்பத்தினர். ஏழைகளுக்கும் வழிப்போக்கருக்கும் அந்த வீட்டில் எப்போதும் சாப்பாடும் படுக்க இடமும் கிடைத்தன.

அவருக்கு மூன்று வயதானபோது பிரெஞ்சுப் புரட்சி தொடங்கியது. திருச்சபையை அரசின் கீழ்க் கொண்டுவரும் சட்டம் 1790-இல் வந்தது. அந்தச் சட்டத்துக்கு உறுதிமொழி எடுக்க மறுத்த குருக்கள் துரத்தப்பட்டார்கள், சிறையில் அடைக்கப்பட்டார்கள், பலர் கொல்லப்பட்டார்கள். ஆலயங்கள் மூடப்பட்டன. மறைந்து வாழ்ந்த குருக்கள் தொழிலாளிகளைப்போல் வேடமிட்டு, இரவில் வீடுகளுக்கும் களஞ்சியங்களுக்கும் வந்து திருப்பலி நிறைவேற்றினார்கள். வியான்னி குடும்பத்தார் இருட்டில் நடந்துபோய் அந்தத் திருப்பலிகளில் பங்கேற்றார்கள்.

அப்படி மறைந்து வாழ்ந்தவர்களில் ஒருவர் அருட்தந்தை குரோபோ. 1797-இல் அவர் வியான்னியின் வீட்டுக்கு வந்தார். பதினொரு வயதுச் சிறுவன் ஜான் மரிய, வீட்டிலிருந்த பெரிய கடிகாரத்தின் அடியில் மண்டியிட்டுத் தன் முதல் பாவசங்கீர்த்தனத்தைச் செய்தான். இரண்டு ஆண்டுகள் கழித்து, எக்குலி என்ற ஊரில் ஒரு வீட்டில் முதல் நற்கருணை வாங்கினான். உள்ளே மெழுகுதிரி எரிவது தெருவில் போகிறவர்களுக்குத் தெரியாதிருக்க, சன்னல்களுக்கு முன்னால் வைக்கோல் வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள்.

இதைப் படிக்கும்போது நம் மனம் சற்று உறுத்த வேண்டும். நமக்கு எட்டும் தூரத்தில் ஆலயம் இருக்கிறது. கேட்டால் வந்து அமரக் குருவானவர் இருக்கிறார். அன்றோ, பாவ மன்னிப்பை வழங்கவந்த குரு தம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அந்தக் கொடை எவ்வளவு விலை உயர்ந்தது என்பதைச் சிறுவன் ஜான் மரிய தன் கண்ணாலேயே கண்டான்.

தோல்வி மேல் தோல்வி

குருவாக வேண்டும் என்ற ஆசை அவருக்குச் சிறு வயதிலேயே இருந்தது. ஆனால் வயலில் உழைக்க வேண்டியிருந்ததால் பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. இருபது வயதில்தான் எக்குலியின் பங்குத்தந்தை பாலே அவர்களிடம் இலத்தீன் படிக்கத் தொடங்கினார். தன்னைவிட மிகவும் சிறிய பையன்களோடு உட்கார்ந்து படித்தார். படித்தது மனதில் நிற்கவில்லை. படிப்பில் உதவி வேண்டி, லா லூவெஸ்க் என்ற இடத்திலுள்ள புனித பிரான்சிஸ் ரெஜிஸ் கல்லறைக்குச் சுமார் நூறு கிலோமீட்டர் தூரம் நடந்தே திருப்பயணம் போனார்.

1809-இல் நெப்போலியனின் படையில் சேரும்படி அழைப்பு வந்தது. லியோனிலும் ரோவானிலும் நோயாளியாக மருத்துவமனையில் கிடந்தார். பிறகு தன் படைப்பிரிவைத் தவறவிட்டு, லெ நோவே என்ற மலைக்கிராமத்தில் ஓராண்டுக்கும் மேலாக வேறு பெயரில் ஒளிந்து வாழ்ந்தார். சட்டத்தின் முன் அவர் தப்பியோடிய போர்வீரர். 1810-இல் வந்த பொது மன்னிப்பாலும், அவருடைய இடத்தில் இளைய சகோதரர் படைக்குச் சென்றதாலுமே அவர் வீடு திரும்ப முடிந்தது. ஊர் திரும்பிய சில வாரங்களில், 1811-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அன்புத் தாய் இறந்துபோனார். பின்னாளில் மன்னிப்பை வழங்கவிருந்தவர், மன்னிப்புப் பெற்று வீடு திரும்புவது எப்படி இருக்கும் என்பதை இவ்வாறு தாமே அனுபவித்தார்.

குருமடத்திலும் அவருக்குத் தோல்விதான். லியோன் பெரிய குருமடத்தில் பாடங்கள் இலத்தீனில் நடந்தன. அவருக்குப் புரியவில்லை. தேர்வில் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றார். குருமடத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள். அருட்தந்தை பாலே விடவில்லை. மீண்டும் தம் வீட்டிலேயே வைத்துக் கற்பித்தார். மறைமாவட்ட அதிகாரிகளிடம் நேரில் சென்று பேசினார். அந்த இளைஞருடைய படிப்பைவிட அவருடைய பக்தியைப் பார்த்து அவர்கள் இறுதியில் சம்மதித்தார்கள்.

1815-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13-ஆம் நாள் கிரனோபிள் நகரில் அவர் குருவாக அருட்பொழிவு பெற்றார். அப்போது அவருக்கு வயது 29. அந்த நகருக்கு அவர் தனியாக நடந்தே போனார். குடும்பத்தார் யாரும் உடன் இல்லை. ஒரே ஒரு மனிதருக்காகத் திருநிலைப்பாட்டுச் சடங்கு நடந்தது.

முதலில் மண்டியிட்டவர்

புதிய குரு எக்குலியில் அருட்தந்தை பாலே அவர்களுக்குத் துணைக்குருவாக நியமிக்கப்பட்டார். ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. அவருடைய இறையியல் அறிவு போதாது என்பதால், பாவசங்கீர்த்தனம் கேட்க அவருக்கு உடனே அனுமதி தரவில்லை. பிற்காலத்தில் உலகமே தேடிவந்த பாவசங்கீர்த்தனக் குரு, பாவசங்கீர்த்தனம் கேட்கத் தகுதியற்றவர் என்றுதான் தம் பணியைத் தொடங்கினார்.

சில மாதங்களுக்குப் பிறகு அனுமதி கிடைத்தது. அந்த நாளில் அவரிடம் முதலில் வந்து மண்டியிட்டவர் யார் தெரியுமா? அவருக்கு இலத்தீன் கற்றுக்கொடுத்த, அவருக்காக அலைந்து திரிந்த, முதிர்ந்த குருவான பாலே அவர்களே. மாணவனின் முன்னால் ஆசிரியர் முழங்காலிட்டுத் தம் பாவங்களைச் சொன்னார். அன்றிலிருந்து தாம் இறக்கும்வரை தம் மாணவரிடமே அவர் பாவசங்கீர்த்தனம் செய்தார்.

சகோதர சகோதரிகளே, சாமியும் நம்மைப் போன்ற மனிதர்தானே, அவரிடம் எதற்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்று நாம் கேட்பதுண்டு. பாலே அவர்களுக்கு வியான்னியின் பலவீனம் எல்லாருக்கும் தெரிந்ததைவிட நன்றாகத் தெரியும். எத்தனை முறை தேர்வில் தவறினார் என்பதும் தெரியும். தெரிந்தும் மண்டியிட்டார். மன்னிப்பது அந்தக் குருவின் அறிவோ தகுதியோ அல்ல என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. உயிர்த்த ஆண்டவர் அன்று மாலையே திருத்தூதர்கள்மேல் ஊதி, பாவங்களை மன்னிக்கும் அதிகாரத்தைத் தந்தார் என்று யோவான் நற்செய்தி 20-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்தத் திருத்தூதர்களும் மூன்று நாளுக்கு முன்பு அவரைத் தனியே விட்டு ஓடிப்போனவர்கள்தான். மன்னிக்கப்பட்டவர்களின் கையில்தான் ஆண்டவர் மன்னிப்பை ஒப்படைத்தார்.

230 பேர் வாழ்ந்த ஊர்

1817 டிசம்பரில் அருட்தந்தை பாலே இறந்தார். அடுத்த இரண்டு மாதங்களில் வியான்னி ஆர்ஸ் என்ற சிற்றூருக்கு அனுப்பப்பட்டார். அங்கே சுமார் 230 பேர் வாழ்ந்தார்கள். 1818 பிப்ரவரியில், பனிமூட்டத்தில் வழி தவறி, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுவனிடம் வழி கேட்டு அவர் அந்த ஊருக்குள் நுழைந்தார். எனக்கு நீ ஆர்ஸுக்கு வழி காட்டினாய், உனக்கு நான் விண்ணகத்துக்கு வழி காட்டுவேன் என்ற பொருளில் அவர் அந்தச் சிறுவனிடம் பேசியதாக மக்கள் நினைவில் வைத்திருந்தார்கள். அந்த இடத்தில் இன்று ஒரு நினைவுச் சிலை நிற்கிறது.

புரட்சிக் காலம் அந்த ஊர் மக்களின் நம்பிக்கையைக் காயவைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமையிலும் வயல்வேலை நடந்தது. சின்னஞ்சிறு ஊரில் நான்கு மதுக்கடைகள் இருந்தன. குடும்பத்துக்குப் போக வேண்டிய காசு அங்கே போயிற்று. மறைக்கல்வி பலருக்குத் தெரியாது.

புதிய பங்குத்தந்தை விடியுமுன் ஆலயத்துக்குப் போய் நற்கருணைப் பேழையின் முன் நெடுநேரம் மண்டியிட்டிருந்தார். தம் மெத்தையை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார். ஒரு வாரத்துக்கான உருளைக்கிழங்கை ஒரே தடவையில் அவித்து வைத்துக்கொண்டு அதையே நாட்கணக்கில் சாப்பிட்டார். மக்கள் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து அவர்களைச் சந்தித்தார். 1824-இல் ஏழைப் பெண்பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அது பிறகு ஆதரவற்ற சிறுமிகளின் இல்லமாகவும் ஆனது. மெல்ல மெல்ல மதுக்கடைகள் மூடப்பட்டன. ஞாயிற்றுக்கிழமை ஆலயம் நிறையத் தொடங்கியது.

எதிர்ப்பு இல்லாமலில்லை. அவருடைய ஒழுக்கத்தைப் பற்றியே அவதூறு பரப்பினார்கள். கையெழுத்தில்லாத கடிதங்கள் வந்தன. படிப்பறிவில்லாத இவர் ஆன்மாக்களை வழிநடத்தத் தகுதியற்றவர் என்று சுற்றுவட்டாரக் குருக்களில் சிலரே மனு எழுதினார்கள். அந்த மனு தம் கைக்கு வந்தபோது, அதில் எழுதியிருப்பது உண்மைதான் என்று சொல்லி அவரும் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டார். தம்மைப் பற்றி அவருக்குப் பெரிய எண்ணம் எதுவும் இருந்ததில்லை.

கண்டிப்பிலிருந்து கனிவுக்கு

ஒரு செய்தியை நாம் மறைக்க வேண்டியதில்லை. தொடக்க ஆண்டுகளில் வியான்னி மிகவும் கண்டிப்பான பாவசங்கீர்த்தனக் குருவாக இருந்தார். அந்தக் காலத்துப் பிரெஞ்சுக் குருக்கள் பெற்ற பயிற்சி அப்படி. பாவத்தை விட்டுவிட்டதற்கான அடையாளம் தெரியும்வரை பாவமன்னிப்பைத் தள்ளிப்போடுவது அவர்களிடையே வழக்கமாயிருந்தது. நடனத்துக்குப் போவதை விடாதவர்களை அவர் மாதக்கணக்கில் மன்னிப்பு வழங்காமல் காத்திருக்க வைத்தார். மறையுரைகளில் நரகத்தைப் பற்றி அடிக்கடி பேசினார்.

ஆண்டுகள் செல்லச் செல்ல அவர் மாறினார். பாவிகளிடம் தந்தையைப்போல் நடந்துகொள்ளச் சொன்ன புனித அல்போன்ஸ் லிகோரியின் போதனை அப்போது பிரான்சில் பரவிக்கொண்டிருந்தது. அதை அவரும் ஏற்றுக்கொண்டார். புத்தகத்தைவிட அவரைத் தேடிவந்த மக்களே அவருக்கு அதிகம் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். நாள்தோறும் பல மணி நேரம் மனிதர்களின் கண்ணீரைக் கேட்பவரின் இதயம் கல்லாக இருக்க முடியாது. பிற்காலத்தில் அவருடைய மறையுரைகளில் இறைவனின் அன்பே மேலோங்கி நின்றது.

அவர் கொடுத்த தவமுயற்சிகளும் சிறியவையாகின. பெரும் பாவங்களைச் சொன்னவர்களுக்கும் சில சிறு செபங்களையே கொடுத்தார். மீதியைத் தாமே செய்தார். யாருக்காகவோ இரவில் தூங்காதிருந்தார். யாருக்காகவோ சாப்பிடாதிருந்தார். பாவங்களைச் சொல்பவர் மனம் வருந்தாமல் கதைபோல் சொல்லிக்கொண்டிருந்தால், கேட்டுக்கொண்டிருந்த குரு அழுதார். அந்தக் கண்ணீரைப் பார்த்துத்தான் பலர் தம் பாவத்தின் பாரத்தை முதல்முறையாக உணர்ந்தார்கள்.

பாவத்தைச் சிறியதென்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. இறைவனின் இரக்கம் அதைவிடப் பெரியது என்பதை மக்கள் கண்டுகொள்ளும்படி செய்தார். லூக்கா நற்செய்தி 15-ஆம் அதிகாரத்து உவமையில், தொலைவில் வரும் மகனைக் கண்டு ஓடிவந்த தந்தையை நாம் அறிவோம். அவன் தயார்செய்து வைத்திருந்த வார்த்தைகளைச் சொல்லி முடிக்குமுன்பே தந்தை புது ஆடை கொண்டுவரச் சொல்லிவிட்டார். அந்தத் தந்தையின் சாயலைத்தான் ஆர்ஸுக்கு வந்தவர்கள் இந்த மெலிந்த குருவிடம் கண்டார்கள்.

முடிவில்லாத வரிசை

1827-ஆம் ஆண்டு வாக்கில் வெளியூர் மக்கள் ஆர்ஸுக்கு வரத் தொடங்கினார்கள். முதலில் சில பேர், பிறகு நூற்றுக்கணக்கில். லியோனிலிருந்து ஆர்ஸுக்குத் தனி வண்டிகள் ஓடின. இரயில் வந்தபிறகு லியோன் நிலையத்தில் ஆர்ஸ் செல்வோருக்கென எட்டு நாட்கள் செல்லுபடியாகும் டிக்கெட் விற்கப்பட்டது. ஏனெனில் அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் பல நாட்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. அவருடைய இறுதி ஆண்டுகளில் ஓர் ஆண்டில் 80,000 பேர் வரை வந்ததாகக் கணக்கிடுகிறார்கள்.

அவர் இரவு ஒரு மணிக்கு எழுந்து, விளக்கை எடுத்துக்கொண்டு இருட்டில் ஆலயத்துக்குப் போவார். அப்போதே வாசலில் மக்கள் நிற்பார்கள். காலைத் திருப்பலி வரை பெண்களின் பாவசங்கீர்த்தனம். பிறகு சக்ரீஸ்தில் ஆண்களின் பாவசங்கீர்த்தனம். 11 மணிக்கு மறைக்கல்வி. சில நிமிடங்களில் முடிந்துவிடும் சாப்பாடு. நோயாளிகளைச் சந்தித்துவிட்டு மீண்டும் பாவசங்கீர்த்தனத் தொட்டி. குளிர்காலத்தில் 11, 12 மணி நேரமும், கோடையில் 16 மணி நேரம் வரையும் அந்தக் குறுகிய இடத்தில் அமர்ந்திருந்தார். குளிரில் கால் மரத்துப்போகும். கோடையில் காற்று இல்லாமல் மயக்கம் வரும். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இதுவே அவருடைய நாள்.

வரிசையில் ஆயர்களும் இருந்தார்கள், ஏழை உழவர்களும் இருந்தார்கள். பல ஆண்டுகளாக ஆலய வாசலை மிதிக்காதவர்கள் இருந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்து, அழுதுகொண்டு திரும்பியவர்களும் உண்டு.

அவருடைய வரலாற்றில் ஒரு விதவைத் தாயைப் பற்றிய நிகழ்ச்சி வருகிறது. அவருடைய கணவர் பாலத்திலிருந்து ஆற்றில் குதித்து உயிரை மாய்த்துக்கொண்டார். கணவருக்கு மீட்பே இல்லை என்ற துயரத்தில் நொறுங்கிப்போய் அந்தப் பெண் ஆர்ஸுக்கு வந்தார். கூட்டத்தில் நின்ற அவரிடம் வியான்னி தாமே வந்து, அவருடைய கணவர் மீட்படைந்தார் என்றும், பாலத்துக்கும் தண்ணீருக்கும் இடையிலான அந்தக் கணத்தில் மனம் வருந்த அவருக்கு அருள் கிடைத்தது என்றும் ஆறுதல் சொன்னதாக அறிகிறோம். இப்படி ஒரு துயரத்தைச் சுமக்கும் குடும்பங்கள் நம் பங்குகளிலும் உண்டு. அவர்களிடம் தீர்ப்புச் சொல்லும் உரிமை நமக்கு இல்லை. நமக்குத் தெரியாத வழிகளில் இறைவன் அவர்களுக்கு மனமாற்றத்தின் வாய்ப்பைத் தர முடியும் என்றும், அவர்களுக்காகச் செபிக்க வேண்டும் என்றுமே திருச்சபை நமக்குக் கற்பிக்கிறது.

ஓடிப்போக நினைத்தவர்

இத்தனை பேருக்கு அமைதி கொடுத்தவரின் மனம் அமைதியாக இருந்ததா? இல்லை. தாம் ஒரு பங்கை நடத்தத் தகுதியற்றவர், தம் பாவங்களுக்காக அழுவதற்கு ஓரிடம் வேண்டும், இறைவனின் தீர்ப்பை எப்படிச் சந்திப்பது என்ற எண்ணம் அவரை வாட்டிக்கொண்டே இருந்தது. எங்காவது ஓர் ஆசிரமத்தில் ஒதுங்கிவிட வேண்டும் என்று தம் ஆயரிடம் பலமுறை கேட்டார். ஆயர் சம்மதிக்கவில்லை.

1840-இல் ஓர் இரவு ஆர்ஸை விட்டுப் புறப்பட்டார். சிறிது தூரம் நடந்தபின், இது இறைவனின் விருப்பமா என்று மனம் கேட்க, தாமே திரும்பி வந்தார். 1843-இல் கடுமையான நோயிலிருந்து எழுந்தபின் மீண்டும் புறப்பட்டுத் தம் சொந்த ஊர் டார்டில்லிக்குப் போய்விட்டார். மக்கள் அங்கேயும் அவரைத் தேடி வந்தார்கள். சில நாட்களில் ஆர்ஸுக்கே திரும்பினார். 1853-இல் மூன்றாவது முயற்சி. இம்முறை செய்தி முன்பே கசிந்துவிட்டது. நள்ளிரவில் ஆலய மணி ஒலித்தது. ஊரே திரண்டு வழி மறித்தது. தங்கள் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்காமல் போகக்கூடாது என்று வெளியூர் மக்கள் கெஞ்சினார்கள். அவர் ஆலயத்துக்குள் போய், வழக்கம்போல் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்துவிட்டார்.

இந்த இடத்தில்தான் அவர் நமக்கு மிகவும் நெருங்கி வருகிறார். புனிதர்கள் என்றால் தம்மைப் பற்றிச் சந்தேகமே இல்லாதவர்கள் என்று நாம் நினைக்கிறோம். வியான்னி அப்படி இல்லை. தாம் மன்னிக்கப்பட வேண்டியவர் என்பதை ஒருநாளும் மறக்கவில்லை. அவரும் பக்கத்து ஊரான ஜாசானின் பங்குத்தந்தையிடம் போய் மண்டியிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்தார். தம்மை எண்ணும்போதெல்லாம் பயந்தார். தம்முன் மண்டியிட்டவரை எண்ணும்போது அந்தப் பயத்தை ஒதுக்கிவைத்துவிட்டு இறைவனின் இரக்கத்தைப் பற்றிப் பேசினார். பிறருக்குச் சொன்ன அந்த நம்பிக்கையைத் தாமும் ஏற்றுக்கொள்ள அவருக்கு வாழ்நாள் முழுவதும் தேவைப்பட்டது.

இறுதி நாட்கள்

1859 ஜூலை மாதம் வெயில் கடுமையாக இருந்தது. 29-ஆம் நாளும் வழக்கம்போல் பாவசங்கீர்த்தனம் கேட்டார். அன்று இரவு படுத்தவர் அதன்பின் எழ முடியவில்லை. ஜாசானின் பங்குத்தந்தை வந்து அவருடைய கடைசிப் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டு, நோயில்பூசுதலும் இறுதி நற்கருணையும் வழங்கினார். தீர்ப்பை நினைத்து வாழ்நாளெல்லாம் நடுங்கியவரின் முகத்தில் அப்போது பயமே இல்லை. ஆகஸ்டு 4-ஆம் நாள் அதிகாலை இரண்டு மணிக்கு, தம் 73-ஆம் வயதில், மிகவும் அமைதியாக உயிர் துறந்தார். அநேகமாக நாள்தோறும் அவர் ஆலயத்தில் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்திருக்கும் நேரம் அது.

திருத்தந்தை புனித பத்தாம் பத்திநாதர் 1905-இல் அவரை அருளாளர் நிலைக்கு உயர்த்தினார். திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1925 மே 31-ஆம் நாள் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்து, 1929-இல் பங்குக் குருக்களின் பாதுகாவலராக அறிவித்தார். அவர் இறந்த 150-ஆம் ஆண்டையொட்டி, திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2009 ஜூன் முதல் ஓராண்டைக் குருக்கள் ஆண்டாகக் கொண்டாடச் செய்தார். படிப்பு வரவில்லை என்று குருமடம் திருப்பி அனுப்பிய மனிதரைத் திருச்சபை தன் குருக்கள் எல்லாருக்கும் முன்மாதிரியாக வைத்தது.

நாம் என்ன செய்யப் போகிறோம்?

அன்பானவர்களே, தொடக்கத்தில் நம் தயக்கங்களைப் பார்த்தோம். வியான்னியின் வாழ்வு அவற்றுக்கு என்ன பதில் தருகிறது?

சாமி என்ன நினைப்பாரோ என்று வெட்கப்படுகிறோம். தொட்டியின் அந்தப் பக்கம் இருப்பவரும் வேறொரு குருவிடம் போய் மண்டியிடுகிறவர்தான். நாம் சொல்வதை எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்லக்கூடாது என்று திருச்சபைச் சட்டம் அவரைக் கட்டியிருக்கிறது. நாம் சொல்வதைக் கேட்டு அவர் நம்மை இழிவாக நினைப்பதில்லை. இத்தனை நாள் கழித்து வந்தோமே என்று மகிழ்கிறார்.

அதே பாவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று சலித்துக்கொள்கிறோம். குடிப்பழக்கமோ, கோபமோ, பொய்யோ, மறைவான கெட்ட பழக்கமோ, ஒரே நாளில் போய்விடாது. நோய் திரும்ப வருகிறது என்பதற்காக மருத்துவரிடம் போவதை யாரும் நிறுத்துவதில்லை. விழுந்த இடத்திலிருந்து எழுந்து வருவதே நம்மால் ஆவது. அதற்கான வலிமையையும் இந்த அருட்சாதனமே தருகிறது.

என் பாவம் மிகப் பெரியது என்று பயப்படுகிறோம். சிலுவையில் ஆண்டவர் சிந்திய இரத்தத்தைவிடப் பெரிய பாவம் எது? நமது மீட்புக்கான விலையை அவர் ஏற்கெனவே கொடுத்துவிட்டார். இலவசமாகக் கிடைப்பதைக் கைநீட்டி வாங்கிக்கொள்வதுதான் நம் பங்கு.

ஆண்டுக்கு ஒருமுறையாவது பெரும் பாவங்களை அறிக்கையிட வேண்டும் என்பது 1215-ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் சங்கம் முதல் திருச்சபையின் கட்டளை. அது குறைந்த அளவு மட்டுமே. ஆகவே இந்த வாரமே ஒரு நாளைத் தேர்ந்துகொள்வோம். வீட்டில் அமைதியாக அமர்ந்து நம் மனச்சான்றை ஆராய்வோம். யாரோடு பேசாமல் இருக்கிறோமோ, அவரை முதலில் மன்னிப்போம். பிறகு ஆலயத்துக்குப் போவோம். வாழ்க்கையின் சுமை தாளாமல், யாரிடமும் சொல்ல முடியாமல் தவிப்பவர் நம் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், அவரையும் அன்போடு அழைத்துச் செல்வோம். நம் பங்குத்தந்தையர் இந்தப் பணிக்கு நேரம் ஒதுக்கி அமரவும், அவர்களும் மன்னிப்பின் மகிழ்ச்சியை அனுபவிக்கவும் அவர்களுக்காகச் செபிப்போம்.

இரக்கம் நிறைந்த இறைவா, உம் ஊழியர் ஜான் மரிய வியான்னி வழியாக எண்ணற்ற பாவிகளுக்கு உம் மன்னிப்பை வழங்கினீர். வெட்கத்தாலும் பயத்தாலும் உம்மை விட்டுத் தள்ளி நிற்கும் எங்களை உம்மிடம் அழைத்துக்கொள்ளும். எங்கள் பாவங்களை மன்னியும். மன்னிக்கப்பட்ட நாங்கள் பிறரை மன்னிக்கவும் எங்களுக்குக் கற்றுத்தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.